குரூப்ல வச்சு ஏசாத, எய்யா

எய்யா, நல்லா இருக்கியா, அங்க வெயில் எப்படி. அப்பா பக்கத்துல உக்காந்து "எழுதாத, பதிலுக்கு இங்கிலீஷ் லிங்க்குதான் அனுப்புவான்"னு சொல்லுதாவ, இருந்தாலும் மனசு கேக்கல.

2024 ஏப்ரல் 16 துபாய்ல வெள்ளம்னதும் எனக்கு வயித்த கலக்கிருச்சு, நீ போனும் எடுக்கல, அந்த நேரம் பாத்து மாமா "செயற்கை மழை பெய்ய வச்சு மாட்டிக்கிட்டானுவ"ன்னு ஒரு வீடியோ போட்டாவ, நானும் படபடப்புல நாலு குரூப்புக்கு தள்ளிவிட்டுட்டேன். நீ ராத்திரி வந்து அத்தனை பேரு பாக்க "படிக்காம ஃபார்வர்ட் பண்ணாதீங்க"ன்னு போட்டு மூணு லிங்க்கும் போட்ட. மாமா ஒரு வார்த்தை பேசல, குரூப்ப விட்டு போயிட்டாவ.

அந்த வெள்ளம் செயற்கை மழையால வந்தது இல்லன்னு நீ சொன்னது சரிதான். தனியா வாய்ஸ்ல சொன்னப்ப எனக்கே விளங்குச்சே, பிளேன்ல போயி உப்பு தூவுறது ஏற்கனவே திரண்டு நிக்க மேகத்துல கொஞ்சம் கூடுதலா மழை வாங்கத்தான், இல்லாத மேகத்த உண்டாக்க முடியாதுன்னு, அந்த மழை ஓமன்லயும்தான் கொட்டுச்சுன்னு. ஒரு டிகிரி சூடு ஏறுனா காத்து 7 சதவீதம் கூட ஈரத்த பிடிச்சு வச்சுக்கிடும்னு சொன்னியே, அத ரெண்டு தடவ போட்டு கேட்டேன். அமீரகத்துல அல் ஐன் பக்கம் 25 சென்டி மழைன்னு நீ சொன்னதும் அப்பா சிரிச்சிட்டாவ, 2023 டிசம்பர்ல நம்ம ஸ்ரீவைகுண்டத்துல ஒரே நாள்ல 62, காயல்பட்டினத்துல 95!

நம்ம ஊரு டிசம்பர் வெள்ளத்து ராத்திரி கதைய உனக்கு நான் முழுசா சொல்லல. கரண்ட் இல்ல, போன்ல 9 பர்சன்ட், "அணை உடைஞ்சிட்டு, எல்லாரும் மேல ஏறுங்க"ன்னு ஒரு வாய்ஸ் வந்துச்சு, நான்தான் தெருவுக்கே சத்தமா போட்டுக் காட்டுனேன். எதுத்த வீட்டு ஆச்சி பயந்து இருட்டுல மாடிப்படி ஏறி வழுக்கி விழுந்துட்டாவ, இப்பவும் கம்பு ஊனித்தான் நடக்காவ. அணை உடையல, குளங்கதான் உடைஞ்சுது. ஆச்சி முகத்த பாக்கும்போதெல்லாம் அந்த வாய்ஸ்தான் ஞாபகத்துக்கு வருது.

பொறவு ஒண்ணு, காலநிலை மாற்றம்னு இங்க யாரு வாயிலயும் வராது. காலம் கெட்டுப்போச்சும்பாவ, அவ்வளவுதான். சித்தி மவ வெள்ளத்துல நின்னு பாட்டு போட்டு ரீல்ஸ் எடுத்தா, ஃபேஸ்புக்ல வெதர்மேன் போஸ்ட்டுக்கு கீழ பாத்தா பாதி பேரு "நாளைக்கு லீவா"ன்னு கேக்கான், யூடியூப்ப தொறந்தா அலாஸ்காவுல ஆன்டெனா வச்சு புயல திருப்புதான்னு ஒருத்தன் கத்துதான். நீ ட்விட்டர்ல விடிய விடிய இங்கிலீஷ்ல சண்ட போடுத, அத மாமா என்னைக்குய்யா படிக்கப் போறாவ? அவியளுக்கு வாய்ஸ்தான்.

அதனால எனக்கு சொன்ன மாதிரியே, அந்த உப்பு கத, ஈரக்காத்து கத எல்லாம் மாமாவுக்கும் நம்ம பேச்சுலயே சொல்லு. அதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு பேசிரு. அத்தை நேத்து சந்தையில என்னைய பாத்து "குரூப்ல என்ன விசேஷம்"னு கேட்டாவ, மாமாதான் கேக்க சொல்லிருப்பாவ. திரும்ப சேத்துவிடணும்னா அட்மின் நீதானய்யா.

அம்மா