தனுஷ்கோடி படங்கள்

அன்புள்ள நண்பா,

கடிதமும் படங்களும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, படங்களுக்கு வருகிறேன். நேரில் கண்ணைக் கூசிய மணல் படத்தில் சாம்பலாகக் கிடக்கிறதே, புதுக் கேமராவில் கோளாறா என்று கேட்டிருந்தாய். கோளாறு ஒன்றும் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளை மணலைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கறுப்புக் குடையைக் காட்டினால் கூட்டிவிடும். இது வெள்ளை என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். ப்ளஸ், மைனஸ் குறி போட்ட பட்டன் இருக்கிறதல்லவா, வெயிலில் அந்த மணலுக்கு அதை +1 பக்கம் தள்ளிப் பார்.

ஆனால் வானத்தையும் கவனி. உன் தேவாலயப் படத்தில் வானம் முழுக்க வெளுத்துவிட்டது. அப்படிப் போனது போனதுதான், பிறகு மீட்க முடியாது. இருட்டான இடம் அப்படியில்லை, 'ரா' ஃபைலாக, அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ஃபைலாக எடுத்திருந்தால் நிறைய வெளியே கொண்டுவரலாம். வெயிலில் திரையை நம்பாதே, ஹிஸ்டோகிராமைப் பார். இருட்டை இடது பக்கமும் வெளிச்சத்தை வலது பக்கமும் மேடாகக் காட்டுகிற சின்ன வரைபடம் அது. மேடு வலது ஓரச் சுவரில் முட்டி நின்றால் ஒரு படி குறைத்து மறுபடி எடு. விடியற்காலையில் வானத்துக்கும் தரைக்கும் வித்தியாசம் மிக அதிகமாக இருக்கும். அப்போது ட்ரைபாடில் வைத்து, அதே பட்டனில் −2, 0, +2 என்று மூன்று படம் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தேவாலயப் படத்தைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்லத் தோன்றுகிறது. பாதிப் படம் வெறும் மணல், பாதி வெறும் வானம், நடுவில் தீப்பெட்டி அளவுக்குத் தேவாலயம். 18 மில்லிமீட்டர் லென்ஸ் தூரத்தில் இருப்பதை இன்னும் சின்னதாக்கிவிடும். முன்னால் ஏதாவது இருந்தால்தான் அது அழகு. உன் படத்தின் இடது ஓரத்தில் ஒரு அடும்பங்கொடி பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது, ஊதாப்பூ இரண்டோடு. அதன் முன்னால் மண்டியிட்டு, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கியிருந்தால், அந்தக் கொடியே கண்ணை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் விட்டிருக்கும். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 11 வைத்து, பூவுக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் செய். இன்னும் சுருக்கி எஃப் 22 வரை போகாதே, படம் மொத்தமும் கொஞ்சம் மழுங்கிவிடும்.

இல்லையென்றால் கிட்டே போய்விடு. அது பவளப்பாறைக் கல்லால் கட்டிய சுவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ரயிலோடு ஊரே போன பிறகும் நிற்கிற சுவர். அந்தக் கல்லில் விரல் நுழையும் ஓட்டைகளை நான் தடவிப் பார்த்திருக்கிறேன். நடுப்பகலில் நீ எடுத்ததால் சுவர் தட்டையாகத் தெரிகிறது. காலையில் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு நிழல் குடியேறும். அதைப் பார்த்தால் அந்த ராத்திரி நினைவுக்கு வராமல் போகாது. உன் படத்தில் எனக்கு அது வேண்டும்டா.

அப்புறம், அரிச்சல்முனைப் படத்தில் கடல் இடது பக்கம் வழிகிறது. திரையில் கட்டக்கோடுகளைப் போட்டு வை, அது ஒரு நிமிட வேலை. வலைக்காரர்கள் கயிறு இழுக்கிற படத்தில் மட்டும் கை வைக்காதே. கயிறு மூலையில் தொடங்கி அலைவரை போகிறது, நன்றாக வந்திருக்கிறது. அதை பிரிண்ட் போட்டு எனக்கு ஒன்று அனுப்பு.

தை பிறந்ததும் நான்கு நாள் லீவு போட்டு வருகிறேன். ட்ரைபாட் என்னிடம் இருக்கிறது, நீ வாங்க வேண்டாம். பேட்டரி மட்டும் இன்னொன்று வாங்கி வை. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்