அவருக்கும் ஒரு படம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'எம்.எல்.ஏ. சபைக்கு எத்தனை நாள் போனார் என்று எண்ணுவது வேலையற்றவர் வேலை' என்று ஞாயிற்றுக்கிழமை கட்டுரையில் போட்டிருந்தீர்கள். வேலை உள்ளவள்தான் எழுதுகிறேன். பகலில் குளத்து வேலை, ராத்திரி பீடி.

நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து எங்களைத் தினம் இரண்டு தரம் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். மண்வெட்டியோடு வரிசையாக நிற்போம். டவர் கிடைக்காமல், வேலையை மேற்பார்க்கும் மேட் அக்கா செல்லைத் தூக்கிக்கொண்டு மடையைச் சுற்றி வருவாள். ஒருநாள் மதினி தண்ணீர் குடிக்க உடைமரத்துப் பக்கம் போன நேரம் படம் எடுத்துவிட்டார்கள். காலையிலிருந்து மண் சுமந்தவளுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. பீடிக் கடையில் மட்டும் என்ன? கட்டைப் பிரித்து, உருட்டிப் பார்த்து, கழித்துப் போட்டது போகத்தான் கணக்கு அட்டையில் ஏறும்.

எம்.எல்.ஏ.வுக்கோ, 60 நாள் அனுமதியில்லாமல் வராவிட்டால் இடம் காலி என்று அறிவிக்கலாமாம். அரசியல் சட்டத்தில் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா? நம் சட்டசபை வருசத்துக்கு எத்தனை நாள் கூடுகிறது என்பதும் தெரிந்திருக்கும்.

வந்தாலும் எந்தப் பக்கம்? 'ஏற்போர் ஆம் என்க' என்று சபாநாயகர் சொன்னதும் எழும் சத்தத்தில் அவர் குரல் எது? 2017 பிப்ரவரி 18 எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பில் 122, 11 என்று எண்ணத்தானே செய்தார்கள். கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவி போகும், சரி. கொறடா சொன்னபடி போட்டார் என்றாவது எழுதி வைக்கலாமே.

வேட்புமனுவோடு படிவம் 26-இல் சொத்து, கடன், வழக்கு எல்லாம் வருகிறது. அப்புறம் ஐந்து வருசத்தில் எந்தத் தொழிலில் பங்கு சேர்ந்தார் என்று யார் சொல்வது? ராஜ்யசபாவில் அதற்கொரு பதிவேடு உண்டு. எங்கள் தெருவில் ராத்திரி முழுக்கக் கல் லாரி. அலமாரிப் பாத்திரம் ஆடுகிறது. யாருடைய லாரியோ!

போன வருசமும் இதையே எழுதினேன். ரோட்டுப் பள்ளம் பற்றிய நாலு வரியை மட்டும் போட்டீர்கள். சமையல் குறிப்பாக இருந்தால் முழுசாக வந்திருக்கும்.

காதுகுத்துக்கும் சடங்குக்கும் அவர் தவறாமல் வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அந்த வருகைப் பதிவு எங்கள் மொய் நோட்டிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் நம் மாவட்டத்து ஐந்து பேரும் எத்தனை நாள் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று கையகலம் ஒரு கட்டம் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே என்றாலும் சரி.

கடிதத்தை வெட்டுவதானால் மதினி சங்கதியை மட்டும் வெட்டாமல் விடுங்கள். பேப்பரில் வரும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பழைய வாசகி,
சேரன்மகாதேவி அருகே