எடையைக் கேட்டீர்கள், காலைக் கேட்கவில்லை

நோர்வூட்

முகாமையாளர் அவர்களுக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

விடயம்: தவறான அளவில் விற்ற கம்ப்ரஷன் காலுறை (வீங்கிய காலை அழுத்திப் பிடிக்கும் காலுறை), அதற்குக் கிடைத்த பதில்கள்

ஐயா / அம்மணி,

கடந்த மார்ச் மாதம் உங்களிடம் 16,800 ரூபாய் கொடுத்து ஒரு சோடி கம்ப்ரஷன் காலுறை வாங்கியவள் நான். எனக்கு இடது காலுக்கு மட்டும்தான் வேண்டும் என்றேன். சோடியாகத்தான் தருவோம் என்றீர்கள். சரி என்று வாங்கினேன். ஆறு நாள் போட்டேன். ஏழாம் நாள் காய்ச்சலோடு கிளங்கன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்.

முதலில் என் காலைப் பற்றி. 2019இல் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் செய்தபோது அடிவயிற்றில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். அப்புறம் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் இடது கால் செருப்பு மட்டும் இறுகியது. லிம்பெடிமா, அதாவது நிணநீர் வடியாமல் தேங்கி வரும் வீக்கம் என்றார் டொக்டர். பிசியோ மிஸ் எங்கள் பாஷையில் சொன்னார்: "மலையில் கான் அடைபட்டால் தண்ணி எங்க போகும் டீச்சர்? அங்கேயேதான் நிக்கும்." தோட்டத்தில் கான், அதாவது வடிகால், வெட்டுபவரின் மகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எடையைக் குறைத்தால் மிச்சமிருக்கும் பாதைகளுக்குச் சுமை குறையும் என்றும் அவர்தான் சொன்னார். அதனால் போன நவம்பரில் 88 கிலோவில் தொடங்கினேன். காலையில் சாப்பிடும் கோதுமை மா ரொட்டி நான்கு, இரண்டாயிற்று. பிளேன் டீக்கு உள்ளங்கையில் கொட்டித் தொட்டுக்கொள்ளும் சீனியை விடுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது, இன்னும் முழுதாக விடவில்லை. லயத்திலிருந்து ரோட்டுக்கு 112 படி. காலில் பண்டேஜ் சுற்றிக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினேன். அட்டை கடித்தால் அந்தக் காயத்தால் கிருமி ஏறிவிடும் என்று மழை நாளில் மட்டும் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். மார்ச்சில் 81 கிலோ.

ஒரு சி.ஆர். கொப்பியில் எடையை ஒரு பக்கமும் காலின் சுற்றளவை மறுபக்கமும் எழுதி வருகிறேன். தையல்காரர் டேப்பால், விடிந்து எழும்பியதும், கணுக்காலிலிருந்து நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு அளப்பேன். தராசு மட்டும் போதாது. விளையாட்டுப் போட்டியன்று பகல் முழுக்க மைதானத்தில் நின்றுவிட்டு மறுநாள் ஏறிப் பார்த்தால் 1 கிலோ 400 கிராம் கூடியிருந்தது. ஒரு லீட்டர் நீர் ஒரு கிலோ. அது கொழுப்பா நீரா என்று தராசுக்குத் தெரியாது, டேப்புக்குத் தெரியும். ஏழு கிலோ குறைந்ததில் என் வலது கெண்டைக்கால் 40 சென்டிமீட்டரிலிருந்து 37க்கு இறங்கியது. இடது கால் 46லிருந்து 44க்குத்தான் வந்தது. வீக்கம் பழையதாகிவிட்டால் உள்ளே இருப்பது நீர் மட்டுமில்லை, கொழுப்பும் நாரும் சேர்ந்து இறுகிவிடுகிறது. பட்டினி கிடந்தால் அது கரையாது.

இந்த நிலையில்தான் உங்களுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார், அவரில் குறை சொல்லவில்லை. உயரம் கேட்டார், எடை கேட்டார். "81 கிலோன்னா உங்களுக்கு எல் சைஸ் மேடம்" என்றார். காலை அளந்து வைத்திருக்கிறேன், கொப்பியைப் பார்த்து வாசிக்கிறேன் என்றேன். தேவையில்லை, சார்ட் இருக்கிறது என்றார்.

அந்த எல் சைஸ் என் வலது காலுக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. நோய் இடது காலில்.

இடது காலில் அதை ஏற்றவே கால் மணித்தியாலம் பிடித்தது. பின்னேரம் பாடசாலை விட்டு வந்து கழற்றும்போது பார்த்தேன்: மேல் விளிம்பு மூன்று மடிப்பாகச் சுருண்டு முழங்காலுக்குக் கீழே கயிறு மாதிரி இறங்கியிருந்தது. அதன் கீழ் ஒரு பள்ளம். சுண்டுவிரல் அதற்குள் படுத்துக்கொள்ளும் ஆழம். பள்ளத்துக்குக் கீழே கால் பளபளவென்று உப்பிப் போய், பெருவிரலால் அழுத்திய குழி நான் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்து முடிக்கும்வரை அப்படியே கிடந்தது. இப்படிப்பட்ட காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்த வேண்டும். உங்களுடையது தலைகீழாக வேலை செய்தது. பழகப் பழகச் சரியாகும் என்று உங்கள் துண்டுப் பிரசுரத்தில் இருந்ததால் மடத்தனமாக இன்னும் ஐந்து நாள் போட்டேன். முழங்காலுக்குப் பின்னால் தோல் கிழிந்து, கால் சிவந்து, குளிர்காய்ச்சல் வந்தது. கிழிந்த இடத்தால் கிருமி ஏறியிருக்கிறது என்றார் டொக்டர். நான்கு நாள் ஊசி, பிறகு பத்து நாள் குளிசை. அந்தத் தவணையில் என் வகுப்புக்கு இரண்டு வாரம் கணக்குப் பாடம் இல்லை.

பெட்டியையும் சொல்ல வேண்டும். காலுறை எவ்வளவு அழுத்தும் என்பதற்கு ஓர் எண் உண்டு. ஜெர்மன் தரப்படி இரண்டாம் வகுப்பு என்றால் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம். என் கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதிய வகுப்பு அதுதான். உங்கள் பெட்டியில் எந்த எண்ணும் இல்லை. மெலிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படமும், "யானைக்கால் குணமாகும்" என்ற வரியும் இருக்கின்றன. யானைக்கால் நுளம்பால் பரவும் புழுவினால் வருவது. அது இந்த நாட்டில் கரையோரத்து நோய், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டது என்று உலக சுகாதார அமைப்பு 2016இலேயே அறிவித்துவிட்டது. எனக்கு இருப்பது அது இல்லை. இருந்தாலும் ஒரு காலுறை அதைக் குணமாக்காது. அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு என் நாத்தனார் இரண்டு வாரம் எங்கள் வீட்டுக் கோப்பையில் தண்ணீர் குடிக்கவில்லை.

இனி உங்கள் பதில்கள். முதல் தடவை முறையிட்டபோது, "நீங்கள் எடை குறைந்திருப்பீர்கள், அதனால் காலுறை லூசாகிக் கீழே இறங்குகிறது" என்றீர்கள். படத்தை அனுப்பினேன். "எடை கூடியிருப்பீர்கள், அதனால் இறுக்குகிறது" என்றீர்கள். ஒரே கால், ஒரே கிழமை. மூன்றாம் தடவை, மாதத்தில் ஆறு கிலோ குறைக்கும் உங்கள் மூலிகைத் தேநீரைச் சிபாரிசு செய்தீர்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கே தேத்தண்ணீர் விற்கப் பார்த்த துணிச்சலை மெச்சுகிறேன். பெட்டியின் பின்புறத்தை வாசித்தேன். முதலில் இருப்பது நிலாவாரை, அதாவது பேதி மருந்து. வயிற்றால் போனால் தராசில் முள் இறங்கும், காலில் தேங்கியது இறங்காது. இந்த வீக்கத்தில் புரதமும் கலந்திருப்பதால் சிறுநீர் போகக் கொடுக்கும் மாத்திரைகூட இதற்கு மருந்தில்லை என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். 16,800 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். "பிரித்த பொருள் மீளப் பெறப்படாது" என்று ரசீதில் இருக்கிறது, பிரிக்காமல் எப்படிக் காலில் போட்டுப் பார்ப்பது? எடையை வைத்து அளவு சொல்லும் அந்தச் சார்ட்டை எடுத்துவிட்டு, கணுக்கால், கெண்டைக்கால், தொடை என்று சுற்றளவைக் கேளுங்கள், வீக்கம் ஆகக் குறைந்திருக்கும் காலை நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். யானைக்கால் வரியையும் எடுத்துவிடுங்கள். போனில் பேசும் அந்தப் பிள்ளைக்கு யாராவது ஒரு நாள் உட்கார்ந்து இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பதினான்கு நாளுக்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடுவேன். ரசீது, காலின் படங்கள், ஆஸ்பத்திரித் துண்டு, என் கொப்பியின் இரண்டு பக்கங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

காலுறையைக் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் போட்டாயிற்று. எடுத்துப்போக ஆள் அனுப்புவதானால் ஹட்டன் டவுனுக்கு அனுப்புங்கள், நான் கொண்டு வந்து தருகிறேன். மழை நாளில் எங்கள் ரோட்டுக்குக் கூரியர் வான் ஏறாது.

இப்படிக்கு,
ரசீதில் பெயருள்ள வாடிக்கையாளர்