ஆண்டறிக்கை: யூத ஆண்டு 5785

பெரியவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஷாலோம்.

2024 அக்டோபரில் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவோடு தொடங்கிய ஆண்டின் அறிக்கை இது. வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பண்டிகைக்காக யாரும் கடன் வாங்கக்கூடாது, வீட்டில் முடிந்ததை வீட்டிலேயே செய்துகொள்வோம் என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்திருந்தோம். மகாராஷ்டிரத்தின் தானேயில் உள்ள நம் பெனே இஸ்ரயேல் (கொங்கணக் கரை யூதர்) குடும்பங்கள் அதை எப்படி நடத்தின என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ரோஷ் ஹஷானாவுக்கு அல்வா கிண்டினோம். கோதுமைப் பால், தேங்காய்ப் பால், சர்க்கரை, அப்புறம் கை ஓயாமல் கிளற ஆட்கள். இறைச்சியோடு மாட்டுப்பால் சேர்க்கக்கூடாது என்பது நம் விதி; இது தேங்காய்ப் பால் என்பதால் இறைச்சி விருந்துக்குப் பிறகும் தயங்காமல் சாப்பிடலாம். பண்டிகை உணவுக்கு முன் ஒயின்மேல் சொல்லும் ஆசியான கிதூஷுக்கு வழக்கமான ஷர்பத்துதான்: கருப்பு உலர்திராட்சையைக் கழுவி, ராத்திரி ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டினால் ஆயிற்று. கோஷர் (யூத உணவு விதிப்படியான) ஒயின் கிடைக்காத காலத்தில் நம் பாட்டிமார் கண்ட வழி. விலை உயர்ந்த பாட்டில் இல்லையே என்று எந்த வீடும் இனி கூச்சப்பட வேண்டாம்.

கூடாரப் பண்டிகையான சுக்கோத்தில் போடும் பந்தலுக்கு வெட்டிய தென்னங்கீற்று போதும். சுவருக்குப் பழைய புடவை கட்டியவர்கள், காற்றில் ஆடாதபடி கீழேயும் இழுத்துக் கட்டுங்கள்.

விளக்குப் பண்டிகையான ஹனுக்காவில் எனக்குத் தனி மகிழ்ச்சி. முதல் இரவு ஒன்று, பிறகு இரவுக்கு ஒன்று கூடும்; எட்டு இரவுக்கும் சேர்த்து, மற்றவற்றை ஏற்ற உதவும் ஷமாஷ் விளக்கையும் எண்ணினால், 44 விளக்குகள். மெழுகுவர்த்தி என்றால் செலவுதான். சிறு கண்ணாடி டம்ளரில் பாதிக்குத் தண்ணீர், மேலே தேங்காயெண்ணெய், நடுவே திரி. எண்ணெய் தண்ணீர்மேல் மிதப்பதால் கொஞ்சம் விட்டாலும் இருட்டிய பிறகு அரைமணி நேரம் தாராளமாக எரிகிறது. டம்ளர்கள் ஒரே மட்டத்தில் வரிசையாக இருக்க வேண்டும்; ஷமாஷ் மட்டும் சற்று உயரத்தில். கொங்கணத்தில் நம்மவர்களை 'சனிவார் தேலி', சனிக்கிழமை செக்கு ஓட்டாத எண்ணெய்க்காரர்கள் என்றுதான் அழைத்தார்கள். நம் வீட்டில் எண்ணெய் விளக்கு எரிவதைவிடப் பொருத்தம் வேறென்ன!

மரங்களின் புத்தாண்டான து பிஷ்வாத்துக்கு எலியாஹு ஹனாபியை (எலியா தீர்க்கதரிசியை) நினைத்து மலிதா வைத்தோம்: நனைத்த அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, பழங்கள்.

ஆமானின் சதியிலிருந்து யூதர் தப்பியதைக் கொண்டாடும் பூரிமுக்குப் பிள்ளைகள் பழைய டப்பாவில் கொண்டைக்கடலை போட்டுக் கிலுகிலுப்பை செய்தார்கள். எஸ்தர் கதையை வாசிக்கையில் ஆமான் பெயர் வந்தபோதெல்லாம் காது அடைத்துப்போனது. அண்டை வீடுகளுக்கு சோமாசியும் வாழைப்பழமும் போயின. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஏழைகள் இருவருக்காவது கொடுக்கும் பங்கில் சிக்கனம் கூடாது. விருந்தைப் பெருக்குவதைவிட அந்தக் கொடையைப் பெருக்குவதே மேல் என்று இடைக்கால யூத அறிஞர் மைமோனிதஸே எழுதிவைத்திருக்கிறார்.

எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைக்கும் பெசாஹுக்குப் (பஸ்காவுக்குப்) பேரீச்சம்பழத்தைக் கொதிக்கவைத்து வடித்து, பாகு காய்ச்சி, அன்று உண்ணும் இனிப்பான ஹரோசெத் செய்தோம். புளிப்பில்லா அப்பமான மட்சா மட்டும் விலைக்கே வாங்கினோம். புளிக்காமல் இருக்க, மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும். விதி தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதை வீட்டில் முயல வேண்டாம் என்பதே செயற்குழுவின் கருத்து.

வரும் ஹனுக்காவுக்குப் புதுக் குடும்பங்களுக்கும் விளக்கு டம்ளர் தேவைப்படுகிறது. வீட்டில் உபயோகிக்காத கண்ணாடி டம்ளர் இருந்தால், சுக்கோத் முடிவதற்குள் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்