பரணில் இருந்தவை

தங்கச்சிமடம்
மே 2025

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில் நிற்கிறது. அப்பா காலையில் போய் வலையைப் பழுது பார்த்துவிட்டு வெயிலுக்கு முன் வீடு திரும்பிவிடுகிறார். ஜூன் 14 வரை இப்படித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனசிலேயே நிற்கிறது. அடுப்படியை இடித்துக் கட்டப் பணம் அனுப்புகிறேன், அதற்கு முன்னால் பரணில் கிடக்கிற பழசையெல்லாம் எடைக்குப் போட்டுவிடும்மா என்றாய். நானும் சரி என்றுதான் சொன்னேன். அப்புறம் இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. உன்மேல் கோபம் இல்லை, தாயி. அங்கே என்ன இருக்கிறது என்று நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லையே. போனில் எனக்குப் பேச வராது. அங்கன்வாடியில் இத்தனை வருஷம் பதிவேடு எழுதிய கை, எழுதினால் வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று அப்பா ஏணி போட்டு எல்லாவற்றையும் இறக்கித் தந்தார். முற்றத்தில் பாய் விரித்துப் பரப்பினோம். முதலில் கையில் கிடைத்தது செய்முறை நோட்டு, என் கல்யாணத்துக்கு யார் யார் என்ன மொய் வைத்தார்கள் என்று எழுதியது. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது. மையெல்லாம் மங்கியிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. 5 ரூபாய், 11 ரூபாய், 21 ரூபாய். என் தாய்மாமன் 101 ரூபாயும் பித்தளைக் குடமும். நடுநடுவே 'தூக்குவாளி 1', 'டிபன் கேரியர் 1', 'சுவர்க் கடிகாரம் 1'. கடிகாரம் மட்டும் மூன்று வந்தது. பல பேருக்கு நேரே சின்னதாக ஒரு டிக் இருக்கும். அது நான் போட்டது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போய், வாங்கியதற்குக் குறையாமல் திருப்பி வைத்த பிறகு போடுவேன். முப்பத்தாறு வருஷமாகப் போட்டுக்கொண்டு வருகிறேன்.

கல்யாணம் சேதுக்கரையில், 1989 வைகாசியில். பாம்பன் ரோட்டுப் பாலம் 1988 அக்டோபர் 2-ல் திறந்தார்கள்; அதற்கு முன் ரயிலை விட்டால் தீவுக்கு வர வேறு தரை வழி கிடையாது. பாலம் திறந்து எட்டு மாசத்தில் நான் சீர் சாமானோடு வேனில் ஏறி வந்தேன். எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை அந்தப் பாலம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் கடல். கச்சான் காற்று பிடித்து உலுக்கியது. மேலே கயிறு போட்டுக் கட்டியிருந்த குடமும் அண்டாவும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. உன் அம்மாச்சி எனக்கென்று பனை ஈர்க்கில் முடைந்து தந்த சுளகு கயிற்றிலிருந்து நழுவிப் பறந்து கடலில் போய் விழுந்தது. வேனுக்குள் எல்லோரும் ஐயோ என்றார்கள். அம்மாச்சி மட்டும், போகட்டும், கடலுக்கு ஒரு செய்முறை வைத்தாச்சு, என் பிள்ளையை அது பார்த்துக்கொள்ளும் என்றாள். வாழ்க்கைப்பட்டது கடலுக்குப் போகிறவர் வீட்டில். அந்தச் சொல்லை நான் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஊர்க் காற்று எதையும் விட்டு வைக்காது. கடிகாரம் மூன்றும் ஐந்து வருஷம் தாண்டவில்லை, பேட்டரி போடுகிற இடத்தில் பச்சை பூத்து நின்றுபோயின. ட்ரங்குப் பெட்டியின் அடித்தகடு துரு தின்று உதிர்ந்துவிட்டது. லெமன் செட் என்று ஒரு ஜக்கும் ஆறு கண்ணாடித் தம்ளரும் வந்தன, உன் சின்ன வயசில் விருந்தாளி வந்தால் மட்டும் எடுப்போமே, அதில் ஒரு தம்ளர்தான் மிச்சம். எவர்சில்வர் எல்லாம் நன்றாக இருக்கிறது. இவற்றைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம்.

பித்தளையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நீ பழைய பித்தளை என்று சொல்கிற அந்தக் குடத்தின் கழுத்துக்குக் கீழே என் பேரும், மாமா பேரின் முதல் எழுத்தும், வருஷமும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பாத்திரக் கடையிலேயே சின்ன உளியால் தட்டி வெட்டித் தருவார்கள். மாமா அப்போது கரைவலைக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். 101 ரூபாயும் குடமும் வைக்க அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தக் குடத்தில்தான் மணலில் தோண்டிய ஊத்தில் சிரட்டையால் அள்ளி அள்ளித் தண்ணீர் நிரப்பி இடுப்பில் கொண்டு வருவேன். வயிற்றில் நீ இருந்தபோதும் கொண்டு வந்தேன். அதன் ஒரு பக்கம் உள்வாங்கியிருப்பது என் இடுப்பு பட்ட பக்கம் இல்லை, நீ நடை பழகும்போது அதைப் பிடித்துச் சாய்த்து அம்மியில் போட்ட இடம். ஒடுக்கு எடுத்துத் தருகிறேன் என்று ஒருத்தர் வந்தார். வேண்டாம் என்றுவிட்டேன்.

பித்தளை ஒரு நாள் கவனிக்காவிட்டால் முகம் கறுத்துவிடும், உப்புக் காற்றில் இன்னும் சீக்கிரம். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பொன் மாதிரி வரும். உள்ளே புளிக்குழம்பு வைக்க வேண்டுமானால் ஈயம் பூசியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் களிம்பு ஏறி வயிற்றைக் கெடுக்கும். முன்பு வருஷத்துக்கு ஒரு தடவை ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவார். குழி தோண்டி, துருத்தி வைத்துக் கரியை ஊதி, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும்பும். ஈயத்தை உருக விட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றித் தேய்த்தால் உள்ளே முழுக்க வெள்ளி. நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூக்கைப் பொத்தியபடி பார்ப்பாய். அவர் வருவது நின்று பல வருஷம் ஆகிறது. அதோடு பித்தளைச் சட்டிகள் பரண் ஏறிவிட்டன.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். அந்தப் பாத்திரங்கள் சும்மா பரணில் உட்கார்ந்திருக்கவில்லை. 2001-ல் தடைக்காலம் வந்தது, அப்போது 45 நாள். ஏப்ரல் 15-ல் படகு கட்டினால் மே கடைசி வரை கூலி கிடையாது. 2017-லிருந்து அது 61 நாள் ஆனது. மீன் முட்டையிடுகிற காலம், கடலுக்கு ஓய்வு வேண்டும் என்பது அப்பாவுக்கும் தெரியும், அதை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அடுப்புக்கு ஓய்வு கிடையாதே. தங்கம் என்று என்னிடம் இருந்தது தாலியும் தோடும். தோடு முதலில் போகும். அதற்கடுத்துக் குடமும் தவலையும் அடகுக்குப் போகும். படகு இறங்கி நாலு பாடு நல்லபடியாக அமைந்தால் மீட்டுக்கொண்டு வருவேன். சில வருஷம் தீபாவளிக்குத்தான் குடம் வீடு வந்தது. மேமாசம் உங்கள் பள்ளிக்கூட லீவு என்பதால், நீ அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்கும்போதே கொண்டுபோய் வைத்துவிடுவேன். குத்துவிளக்கை மட்டும் வைத்ததில்லை.

இப்போது அந்த அண்டா. போன பொங்கலுக்கு வந்தபோதுகூடக் கேட்டாய், பெரிய அண்டா இன்னும் அயித்தை வீட்டிலிருந்து வரவில்லையா என்று. அது அயித்தை வீட்டில் இல்லை, தாயி. 2008-ல் நீ பிளஸ் டூ முடித்துக் காலேஜில் சேர்ந்தபோது, ஹாஸ்டலுக்குக் கட்டக் கொஞ்சம் குறைந்தது. யாரிடம் கேட்டும் புரளவில்லை. அன்றைக்கு அதை விற்றேன், அடகுக்கு இல்லை, விலைக்கே. கடைக்காரர் தராசில் வைக்கும்போது பேர் வெட்டியிருந்த பக்கம் என்னைப் பார்த்து நின்றது. உன் ஐயா, என் அப்பா, வாங்கித் தந்த அண்டா அது. அவர் உயிரோடு இருந்திருந்தால் அவரே தூக்கிக்கொண்டு போய் விற்றிருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உன்னிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. படிக்கிற பிள்ளைக்கு இது தெரிந்தால் சோறு இறங்காது என்று, அயித்தை இரவல் வாங்கியிருக்கிறாள் என்று ஒரு பொய் சொன்னேன். அயித்தையும் எனக்காகப் பதினேழு வருஷம் அந்தப் பொய்யைக் காப்பாற்றினாள். அடுத்த தடவை அவளிடம் பேசும்போது அண்டாவைக் கேட்காதே.

கடைசியாக ஒன்று. பாயில் இருந்த சாமான்களிலேயே எடைக்குப் போட்டால் ஒரு பைசா பெறாதது அதுதான்.

1990 ஜூனில் இலங்கையில் மறுபடி சண்டை மூண்டது. படகு படகாக ஜனங்கள் இந்தக் கரையில் வந்து இறங்கினார்கள். நான் அப்போது ஏழு மாசம். ஒரு ராத்திரி, பேசாலையிலிருந்து வந்த ஒரு அக்காவும் இரண்டு பிள்ளைகளும் நம் தாழ்வாரத்தில் படுத்திருந்தார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்தேன், மாற்றுத் துணி கொடுத்தேன், அவ்வளவுதான். விடிந்ததும் மண்டபம் முகாமுக்குப் போய்விட்டார்கள். ஆவணியில் நீ பிறந்தாய். எப்படித் தெரிந்ததோ, ஒரு நாள் அந்த அக்கா முகாமிலிருந்து உன்னைப் பார்க்க வந்துவிட்டார். கையில் பனை ஓலையில் கூம்பு மாதிரிப் பின்னிய ஒரு பெட்டி. அவர்கள் ஊரில் நீத்துப்பெட்டி என்பார்கள், பிட்டு அவிக்கிறது. "பிள்ளைக்குத் தர வேற ஒண்டும் இல்லை, குறை நினையாதேங்கோ" என்றார். நான் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் உன் பேரைப் போட்டு எழுதினேன்: 'பேசாலை அக்கா, ஓலைப்பெட்டி 1.' உன் பேருக்கு வந்த முதல் செய்முறை அது.

சில வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வரிக்கு நேரே இன்னும் டிக் இல்லை. எங்கே போய் வைப்பேன்? ஓலை பித்தளை மாதிரி இருக்குமா, இரண்டு மூன்று வருஷத்தில் பொடிந்துவிடும். அதனால் அது பழுதாகும் முன்னே பிரித்துப் பார்த்துப் பின்னலைக் கற்றுக்கொண்டேன். ஒன்று நைந்தால் அதைப் பார்த்து அடுத்ததைப் பின்னுவேன். நீ சின்ன வயசில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தின்ற பிட்டெல்லாம் அந்தப் பெட்டியில் அவிந்ததுதான். நேற்றுப் பரணிலிருந்து இறங்கியது எத்தனையாவது என்று எனக்கே கணக்கில்லை. அதுவும் பொடிந்துவிட்டது. குருத்தோலை வாங்கி இன்றைக்குப் புதுசு பின்னிவிட்டேன்.

எல்லாவற்றையும் நீ வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓசூரில் உன் வீட்டு அடுப்படி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். தவலையும் சட்டிகளும் இங்கேயே இருக்கட்டும், புது அடுப்படியில் கொத்தனாரிடம் சொல்லி ஒரு நீளச் சிலாப்பு போட்டுக்கொள்கிறேன். உனக்குக் குடமும் நீத்துப்பெட்டியும் மட்டும் அனுப்புகிறேன். குடத்துக்குள் நெத்திலிக் கருவாடு, தனியாகக் கட்டியிருக்கிறேன், அலுங்காது. அப்பா வெள்ளிக்கிழமை பார்சலில் போடுகிறார். நீத்துப்பெட்டியை முதல் தடவை அடுப்பில் வைக்கும் முன் வெந்நீரில் முக்கி எடுத்து நிழலில் உலர்த்து, பச்சை வாடை போய்விடும். வாய் குறுகிய பானையில் நிறுத்தி வை. மாவை அழுத்தாமல் உதிர்த்துப் போடு.

பாம்பன் சின்னாத்தா பேத்திக்கு ஆனி மாசம் காதுகுத்து. நம் கல்யாணத்துக்கு அவர்கள் 21 ரூபாயும் ஒரு தூக்குவாளியும் வைத்தார்கள். நான் ஒரு எவர்சில்வர் குடம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். அதில் என் பேரோடு உன் பேரையும் வெட்டச் சொல்லவா? பார்சல் வந்ததும் போன் பண்ணும்போது சொல்.

அன்புடன்
அம்மா