டாக்டர் மைரன் ரோலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டாக்டர் மைரன் ரோல் அவர்களுக்கு,

வணக்கம். 2008 நவம்பர் 22 அன்று நீங்கள் பட்ட பாட்டைப் படித்ததிலிருந்தே எழுத நினைத்தேன். பகலில் அமெரிக்காவின் பர்மிங்காமில், ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பதற்கான ரோட்ஸ் உதவித்தொகைக்கு நேர்காணல், இரவு மேரிலாந்தில் உங்கள் புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். தேர்வான செய்தியோடு விமானம் ஏறி, ஆட்டம் தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்து களமிறங்கினீர்கள். அணியும் ஜெயித்தது.

ஆனால் அதற்கு அப்புறம் வந்த சறுக்கல்தான் என் மனதில் தங்கிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டுக்காக ஒரு வருடம் ஆட்டத்தை விட்டீர்கள். 2010-ல் தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, 207-வது ஆளாகத்தான் டென்னசி டைட்டன்ஸ் அணி உங்களை எடுத்தது. லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமலே அந்தக் கனவு முடிந்தது. பலர் அங்கேயே ஒடிந்து போயிருப்பார்கள். நீங்கள் மருத்துவம் படிக்கப் போனீர்கள். 2017-ல் முடித்து, பாஸ்டனில் மூளை அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்குச் சேர்ந்தீர்கள்.

தினமும் 2 சதவீதம் முன்னேறு என்று உங்கள் கல்லூரிப் பயிற்சியாளர் சொல்வாராமே. அதைப் படித்தபோது எனக்கு வேறொன்று உறைத்தது. மூளைக்கு வரும் கேடும் அப்படித்தான் சேர்கிறது. 2002-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் இறந்த பிறகு, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்ததிலிருந்துதான் உங்கள் விளையாட்டில் இதைப் பற்றிய பேச்சு பெரிதானது. மயங்கி விழ வைக்கும் அடி மட்டுமல்ல, வெளியே தெரியாத சின்னச் சின்ன அடிகளும் வருடக்கணக்கில் சேர்ந்து மூளையில் டௌ என்ற புரதத்தைப் படிய வைக்கின்றன. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது.

நான் பள்ளியில் கபடி ஆடியவன். ஒருமுறை பிடியில் தலைகுப்புற விழுந்தேன். காதுக்குள் ஙொய்யென்ற இரைச்சல், கோடு இரண்டாகத் தெரிந்தது. முகத்தில் சோடாவைத் தெளித்து, "ஒண்ணுமில்லடா, எந்திரி" என்றார்கள். அடுத்த ரெய்டுக்கு நானே போனேன். பாசத்தில்தான் சொன்னார்கள், அன்று யாருக்கும் விவரம் தெரியாது. இன்றும் பல மைதானங்களில் அந்த சோடா பாட்டில் இருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். தலையில் அடிபட்டவனை அன்றைக்குத் திரும்பக் களத்தில் இறக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொன்னால் பயிற்சியாளர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மோதி விழுந்து எழுந்தவர் சொன்னால் நின்று கேட்பார்கள். நீங்கள் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து கொடுங்கள், போதும். தமிழில் எழுதி எங்கள் ஊர் மைதானத்தில் ஒட்டுவது என் பொறுப்பு.

அன்புடன்,
ஒரு பழைய கபடிக்காரன்