பழைய வண்டிக்கு எந்தச் செலவு தகும்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் ஏற்றுகிற வண்டிகளும் அவற்றோடு நிற்கும். "சும்மாதானே நிக்குது, எல்லா வேலையையும் பார்த்துருவோம்" என்று பட்டறைக்குக் கொண்டு வருவது அந்த நாட்களில்தான். வருகிறவற்றில் பெரும்பாலானவை பழைய வண்டிகள். இரண்டு லட்சம், இரண்டரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இண்டிகா, டவேரா, டீசல் ஸ்விஃப்ட், பொலேரோ, ஆம்னி. எஸ்டிமேட்டைக் கையில் வாங்கியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இதுக்கு மேல இதுக்குச் செலவு பண்ணலாமா, இல்ல தள்ளிவிட்டுரலாமா?"

வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் நாங்கள் எதை வைத்து முடிவு சொல்கிறோம் என்பதை இங்கே எழுதிவிடுகிறோம். சில இடங்களில் எங்கள் வருமானத்துக்கே எதிராக எழுதியிருக்கிறோம். பரவாயில்லை.

முதலில் மீட்டரை மறந்துவிடுங்கள். மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் தினம் ஓடி மூன்று லட்சம் காட்டுகிற வண்டி, கீழக்கரையில் கடலைப் பார்த்த வீட்டு வாசலில் உறை போட்டு நின்று அறுபதாயிரம் மட்டுமே ஓடிய வண்டியைவிட நன்றாக இருக்கலாம். உரிமையாளர் துபாயில் இருப்பார். விடுமுறைக்கு வரும்போது மட்டும் வண்டி ஓடும். மீதி நாளெல்லாம் உறைக்குள் ஈரமும் உப்பும். நம் ராமநாதபுரம் கடற்கரையில் பழைய வண்டியைத் தீர்த்துக்கட்டுவது பெரும்பாலும் ஓட்டம் இல்லை, துரு. இன்ஜினை இறக்கிப் புதிதாகச் செய்துவிடலாம், கியர்பாக்ஸைச் செய்யலாம், கிளட்ச் மாற்றலாம். அடித்தகடு போய்விட்டால் அதையெல்லாம் எதில் மாட்டுவது?

அதனால் எந்த வேலை என்று வந்தாலும் வண்டியை முதலில் லிஃப்டில் ஏற்றுவோம். அப்போது நீங்களும் அடியில் வந்து நில்லுங்கள். ஜாக்கி வைக்கிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக் காட்டுவோம். நல்ல தகடு 'டங்' என்று சொல்லும். உள்ளே தின்றுவிட்ட தகடு 'பொத்' என்று சொல்லும். முனையால் லேசாக அழுத்தினாலே உள்ளே போகும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஓரத்தில் மட்டும் அப்பளம் போல் உப்பியிருக்கும். அந்த உப்பலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. முன்பக்கம் இன்ஜினைத் தாங்குகிற கிராஸ் மெம்பர், முன் சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்ம் பிடித்திருக்கிற இடம், சாக் அப்சார்பரின் மேல்முனை வந்து சேரும் டவர், பின் ஆக்சில் மாட்டுகிற இடம், பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப். இவற்றைத்தான் பார்ப்போம். கதவின் அடி ஓரத்தில் ஓட்டை, மட்கார்டில் ஓட்டை என்றால் கவலைப்படாதீர்கள். அது பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். டிங்கர் வேலையில் சரியாகிவிடும். கிராஸ் மெம்பர் கரைந்திருந்தால் கதையே வேறு.

மீன் பெட்டி ஏற்றுகிற ஆம்னிக்காரர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யலாம். பின்னால் விரித்திருக்கிற மேட்டை முழுதாகத் தூக்கிப் பாருங்கள். ஐஸ் உருகி வழிகிற தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை, உப்பும் மீன் சாறும் கலந்தது. தகட்டில் தண்ணீர் வெளியேற ரப்பர் மூடி போட்ட துளைகள் இருக்கும்; செதிலும் மணலும் அடைத்து அவை வேலை செய்யாமல் கிடக்கும். தண்ணீர் மேட்டுக்கு அடியிலேயே மாதக்கணக்கில் நிற்கும். ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. நல்ல தகட்டோடு இன்னொன்று தேடுவது லேசு இல்லை. இருப்பதைக் காய வைத்து, துளைகளைத் திறந்து, பெட்டிக்கு அடியில் தார்ப்பாய்க்குப் பதிலாக விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்று போடுங்கள். எங்களிடம் வர வேண்டிய வேலை பாதி குறையும்.

வண்டியைக் கழுவுவதிலும் ஒரு விஷயம் உண்டு. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போய்விட்டு வந்தவர்கள் மறுநாளே அடியில் தண்ணீர் அடித்துக் கழுவுகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் நம் ஊர்களில் பல இடத்தில் போர்வெல் தண்ணீரே உப்பு. அதையே அடித்தால் கழுவியதற்கும் கழுவாததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் மழையில் நிறுத்துங்கள்.

சரி, அடி நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பணக் கணக்கு. "வண்டி வித்தாலே எண்பதாயிரம் போகாது, அதுக்கு முப்பதாயிரத்துக்கு வேலையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் விற்கப் போகிற அன்றைக்குத்தான் அந்த எண்பதாயிரத்துக்கு அர்த்தம். விற்கவில்லை என்றால், முப்பதாயிரம் செலவுக்கு எத்தனை மாத ஓட்டம் கிடைக்கும் என்று பாருங்கள். இரண்டு வருஷம் ஓடினால் மாதத்துக்கு 1,250 ரூபாய். அந்தப் பணத்துக்கு எந்த வண்டியும் தவணையில் கிடைக்காது. அதே செலவைத் துரு தின்ற வண்டிக்குச் செய்து ஆறு மாதத்தில் நிறுத்தினால் மாதத்துக்கு 5,000. வேலை ஒன்றுதான், தொகையும் ஒன்றுதான். வண்டியின் அடிதான் அதை லாபமாகவோ நஷ்டமாகவோ ஆக்குகிறது.

இன்னொன்று, இன்றைய எஸ்டிமேட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் வரப்போகிற செலவையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். நாங்களே எழுதித் தருவோம். டயர், பேட்டரி, கிளட்ச், இன்சூரன்ஸ், அப்புறம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று. சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிந்தால் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். 5 வருஷத்துக்குச் செல்லும். காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் இருந்து 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025-ல் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. வாடகை வண்டி என்றால் எட்டு வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. ஆகவே பதினான்கு வயது வண்டிக்கு இப்போது பெயின்ட் அடித்துவிட்டு, அடுத்த வருஷம் எஃப்.சி.க்காக மறுபடி தகட்டை வெட்டி ஒட்டுவது வீண். இரண்டையும் ஒரே தடவையில் செய்யுங்கள். பத்து வருஷ டீசல் வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று வாட்ஸப்பில் வருவது டெல்லி சுற்றுவட்டாரத்துச் சங்கதி, நமக்கு இல்லை.

இப்போது இன்ஜின். புகை வருகிறது, ஆயில் குடிக்கிறது என்றதும் "போர் பண்ணிரலாமா" (சிலிண்டரைக் கடைந்து இன்ஜினைப் புதிதாக்குவது) என்று கேட்பவர்கள் அதிகம். கொஞ்சம் பொறுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து, பிறகு நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வால்வ் சீல். இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டியதில்லை. ஏற்றத்தில், பாரத்தில், ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் நீலமாகத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போதும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்த பிறகுதான் கை வைப்போம். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி கொஞ்சம் குறைந்திருந்தால் அது வயது. ஒன்று மட்டும் மிகவும் குறைந்திருந்தால் அது நோய்.

ஆயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கிற வண்டியை வருஷத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்றால் எட்டு லிட்டர். லிட்டர் 400 என்று வைத்தாலும் 3,200 ரூபாய். இன்ஜின் வேலைக்கு அதைப் போல் பல மடங்கு ஆகும். இழுவை குறையவில்லை, புகை எஃப்.சி.யில் மாட்டும் அளவுக்கு இல்லை என்றால், வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து ஊற்றிக்கொண்டே ஓட்டலாம். பார்க்க மறப்பவராக இருந்தால் இந்த யோசனை உங்களுக்கு இல்லை. ஆயில் இல்லாமல் ஓடினால் பேரிங் அடிக்கும். அப்புறம் கிராங்க் வரைக்கும் செலவுதான்.

செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வாங்கி மாட்டலாமே என்று கேட்டால், மாட்டலாம். ஆனால் இன்ஜின் எண் மாறுவதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். எங்கிருந்து வந்தது என்று பில் இல்லாத இன்ஜினை நாங்கள் தொடமாட்டோம்.

தள்ளிப்போடவே கூடாத வேலைகள் சில. பிரேக், ஸ்டியரிங், பால் ஜாயின்ட், டயர். இதில் பேரம் இல்லை. விற்கப் போகிற வண்டியாக இருந்தாலும் செய்துதான் அனுப்புவோம். டயரின் பக்கவாட்டில் நாலு எண் ஒரு முட்டைக்குள் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறது, ஓட்டமே இல்லை என்று சொல்லி எட்டு வருஷ டயரில் மதுரைக்குப் போகாதீர்கள். ரப்பர் வெயிலில் கல்லாகியிருக்கும். (சீமைக் கருவேல முள்ளுக்குப் புது டயர், பழைய டயர் என்ற பேதம் கிடையாது, அதற்கு எங்களிடம் மருந்தும் இல்லை.)

செலவு சின்னது, விட்டால் இன்ஜினையே கொண்டுபோகிற வேலைகளும் உண்டு. டைமிங் பெல்ட் அதில் முதலாவது. இண்டிகா, குவாலிஸ், பழைய டீசல் இன்னோவா எல்லாம் பெல்ட் வண்டிகள். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து ஹெட் வேலை வரும். பழைய வண்டியை வாங்கியவர்கள், முந்தையவர் எப்போது மாற்றினார் என்று பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டீசல் ஸ்விஃப்டில் இருப்பது செயின்; அதற்கு இந்தப் பயம் இல்லை, ஆனால் ஆயில் மாற்றாமல் ஓட்டினால் செயினும் தளர்ந்து சத்தம் போடும்.

இரண்டாவது, ரேடியேட்டர் தண்ணீர். உப்புத் தண்ணீரைக் கூலன்ட்டுக்குப் பதிலாக ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். மூடியைத் திறந்தால் துருச் சேறு, உள்ளே அலுமினிய ஹெட்டின் தண்ணீர்ப் பாதையெல்லாம் அரிப்பு. கடைசியில் ஹெட் கேஸ்கெட் போய் ஆயில் மூடியில் பால் போல் வெள்ளை படிகிறது. வழியில் ஹீட் முள் ஏறினால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி நிறுத்துங்கள். பாம்பன் பாலம் ஏறும் முன்பே முள்ளைப் பார்த்துவிடுவது நல்லது. நடுப்பாலத்தில் நின்றால் முன்னும் பின்னும் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர் ஓஸ்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் வாடை வந்தால் அன்றே காட்டுங்கள்.

ஏ.சி.க்கு வருஷா வருஷம் கேஸ் நிரப்புவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. கேஸ் தானாகத் தீராது, எங்கோ கசிகிறது. கடல் காற்றில் முதலில் போவது முன்னால் இருக்கிற கண்டன்சர். அதன் அலுமினியப் பட்டைகள் வெள்ளைப் பொடியாக உதிரும். அடி நன்றாக இருக்கிற வண்டியா, கண்டன்சரை ஒரே தடவை மாற்றிவிடுங்கள். இல்லையா, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். மே மாதத்தில் இதைப் படித்துக் கோபப்படுபவர்கள் இருப்பீர்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லை, லைட் மங்குகிறது என்று ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் வாங்கிக் கையோடு கொண்டு வருகிறவர்கள் உண்டு. வாங்கும் முன் எங்களிடம் காட்டுங்கள். பேட்டரியில் இருந்து பாடிக்குப் போகிற எர்த் ஒயரின் முனையில் பச்சைப் பூஞ்சை பிடித்ததுபோல் இருக்கும். அதைச் சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவினால் தீர்ந்துவிடுகிற கோளாறு நம் கரையில் நிறைய.

கம்பெனியே போய்விட்ட வண்டிகளை வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். செவ்ரோலே 2017-இல் இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் போன்றவை வெளிச்சந்தையில் கிடைக்கின்றன. சென்சார், பம்பர், கதவு என்றால் காயலான் கடையில் தேட வேண்டும்; நாள் ஆகும். தினப்பிழைப்புக்கு அந்த வண்டியை நம்பியிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்றுவிடுங்கள். நின்ற வண்டிக்கு எடைக்குத்தான் விலை.

ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருப்பவர்கள் பாலிசியில் ஐ.டி.வி. என்ற தொகையை, அதாவது உங்கள் வண்டிக்கு அவர்கள் போட்டிருக்கிற மதிப்பைப் பாருங்கள். விபத்தில் பழுது பார்க்கும் செலவு அதில் முக்கால் பங்கைத் தாண்டினால் 'மொத்த நஷ்டம்' என்று கணக்கை முடித்துவிடுவார்கள். பழைய வண்டியில் முன்பக்கம் ஓர் இடி விழுந்தாலே அந்த எல்லை வந்துவிடும்.

இந்தத் தடைக்காலத்தில் எஸ்டிமேட்டை மூன்றாகப் பிரித்துத் தருகிறோம்: இப்போதே செய்ய வேண்டியது, ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டியது, செய்யாமலே விடலாம் என்பது. கழற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டு உங்களிடமே கொடுப்போம். கிராஸ் மெம்பர் போன வண்டிக்கு இன்ஜின் போர் வேலை எடுக்கமாட்டோம். வேறு பட்டறையில் செய்வதாக இருந்தால் அது உங்கள் விருப்பம்.

இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற பெரிய வேலை இருப்பவர்கள் ஏப்ரல் கடைசிக்குள் வண்டியை விட்டுவிடுங்கள். லாத் பட்டறையில் இருந்து ஹெட் திரும்பி வர நாள் பிடிக்கும். ஜூன் முதல் வாரத்தில் வந்துவிட்டு, படகு இறங்கும் அன்றைக்கு வண்டி வேண்டும் என்றால் நடக்காது. வரும்போது மீன் பெட்டிகளை இறக்கிவிட்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல், பழைய பில்கள் இருந்தால் அவற்றையும் கொண்டு வாருங்கள். அடியைப் பார்த்துச் சொல்வதற்குக் காசு இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் பட்டறை மூடியிருக்கும். மூன்று மணிக்கு மேல் வாருங்கள்.

இப்படிக்கு,
பட்டறையில் இருந்து